வெள்ளத்தில் ஊரே கூடி உதவும்போது எங்கே சறுக்குகிறோம்?

2023 டிசம்பர் 21. தூத்துக்குடி மாவட்டம் ஏரலுக்குப் பக்கத்தில் ஒரு தெரு. தண்ணீர் வடிந்து, கணுக்கால் புதையும் சகதி கிடந்தது. தூத்துக்குடியிலிருந்து சின்ன லாரியில் நானூறு சாம்பார் சாதப் பொட்டலம் கொண்டுபோயிருந்தோம். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சியிடம் ஒன்றை நீட்டினேன். வாங்கவில்லை. "எய்யா, காலையில இருந்து சோத்து வண்டி மூணு வந்துட்டு. கட்டியிருக்க சேல நாலு நாளா ஈரத்துலயே கெடக்கு. ஒரு மாத்துச் சேல இருந்தாத் தாங்க" என்றார்.

தெருமுனையில் துணி மலைபோல் குவிந்து கிடந்தது. யாரோ அன்போடு அனுப்பிய பழைய துணிதான். ஜீன்ஸ் பேன்ட், பட்டன் இல்லாத சட்டை, பிள்ளைகள் சுடிதார் என்று எல்லாம் ஒன்றாக மூட்டை கட்டி வந்து, அவிழ்த்துக் கொட்டப்பட்டு, மறுநாள் தூறலில் நனைந்து சகதியோடு சகதியாகிவிட்டது. அந்தக் குவியலுக்குள் அந்த ஆச்சி கட்டக்கூடிய சேலை நாலைந்தாவது இருந்திருக்கும். எடுத்துக் கொடுக்க ஆளில்லை, தேடிப் போக அவருக்குக் காலில் தெம்பில்லை.

எங்கள் ஊர்களில் உதவும் மனத்துக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், மேற்கொண்டு போக வழியில்லாமல் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அதில் சுமார் 800 பயணிகள். தங்கள் வீடுகளைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்போதே, பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள் சோறாக்கிக் கொண்டுபோய் அவர்களுக்குக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட மண் இது. நாம் சறுக்குவது, யாருக்கு எது வேண்டும் என்று கேட்டுக்கொள்ளாமல் ஓடுவதில்தான். அன்று முதல் எனக்குத் தெரிந்தவரை, கூட இருந்து பார்த்தவரை, திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளைச் சொல்கிறேன். அடுத்த மழைக்கு இது யாராவது ஒருவருக்கு உதவினால் போதும்.

கணக்கு நோட்டு இல்லாமல் இறங்குவது

ஆச்சி வீட்டிலிருந்து திரும்பியதும் நாங்கள் செய்த முதல் வேலை, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியது. ஒரு பக்கத்துக்கு ஒரு வீடு. கதவு எண், எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, மாசமாக இருப்பவர் உண்டா, சர்க்கரைக்கு ஊசி போடுபவர் யார், படுத்த படுக்கையாக யாரும் இருக்கிறார்களா. அதற்குக் கீழே, "இப்போது என்ன வேண்டும்?" என்று கேட்டு அவர்கள் சொன்னதை அப்படியே எழுதினோம். நாங்கள் நினைத்தே பார்க்காததெல்லாம் வந்தது. மெழுகுவத்தி, கொசுவத்தி, தீப்பெட்டி. சகதி அள்ள மண்வெட்டி. நைட்டி, உள்பாவாடை, நாப்கின். ஒரு வீட்டில் மூக்குக் கண்ணாடி போய்விட்டது. அந்தப் பெரியவருக்கு நாலு நாளாக எந்த மாத்திரை எது என்றே தெரியவில்லை.

நாப்கினையும் உள்ளாடையையும் பெண்கள் ஆண்களிடம் கேட்க மாட்டார்கள். வீடு வீடாகக் கேட்கப் போகும் குழுவில் ஒரு பெண்ணாவது இருந்தே ஆக வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்களுக்குத் தெருவில் ஒவ்வொரு வீடும் அத்துப்படி. வெளியூரிலிருந்து வண்டி கொண்டுவருபவர்கள் முதலில் அவர்களைத்தான் தேட வேண்டும்.

சோறு தேவைப்படுவது முதல் இரண்டு மூன்று நாள். அதற்குப் பிறகு அடுப்பு எரியத் தொடங்கிவிட்டால் அரிசி, பருப்பு, எண்ணெய், ஒரு ஸ்டவ், நாலு பாத்திரம் தருவதுதான் மரியாதை. பொட்டலத்துக்காகக் கையேந்தி நிற்பது, நேற்றுவரை பத்துப் பேருக்குப் பந்தி வைத்த வீட்டுக்காரர்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். அவர்கள் வாங்கும்போது படம் எடுக்காதீர்கள். கணக்குக் காட்ட வேண்டுமானால் மூட்டையைப் படம் எடுங்கள்.

மெயின் ரோட்டிலேயே வண்டியைக் காலி செய்வது

இதுதான் மிகப் பெரிய தவறு. வண்டி ஊர் விலக்கில் நிற்கும். முதலில் ஓடிவருபவர்கள் இளவட்டங்கள். கால் மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். கடைசித் தெருவுக்கு, காலனிக்கு, வாய்க்கால் கரையில் குடிசை போட்டவர்களுக்கு, செங்கல் சூளையில் வேலை பார்க்கும் வெளிமாநிலக் குடும்பத்துக்கு வண்டி வந்த செய்தியே போய்ச் சேராது. தாழ்வான இடத்தில் குடியிருப்பதால் அதிகமாக இழந்தவர்களும் அவர்கள்தான். வண்டி உள்ளே போகாவிட்டால் தலைச்சுமையாகக் கொண்டுபோங்கள். கடைசி வீட்டில் தொடங்கி மெயின் ரோட்டை நோக்கி வாருங்கள்.

அரசு நிவாரணத்திலும் இவர்கள்தான் விடுபடுவார்கள். 2023-இல் மிக்ஜாம் புயலுக்கும், பிறகு எங்கள் மாவட்டத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கும் 6,000 ரூபாய் நியாயவிலைக் கடை வழியாகத்தான் வந்தது. அட்டை இல்லாதவர்கள், அட்டை வேறு ஊரில் இருப்பவர்கள் தனியே விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கும். எழுதத் தெரிந்த பிள்ளைகள் நாலு பேர் ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தால், அது ஒரு லாரி அரிசிக்குச் சமம்.

தேதி இல்லாத செய்தியைப் பரப்புவது

"குளம் உடைஞ்சிருச்சு, ஓடுங்க" என்று ஒரு குரல் பதிவு வரும். எந்தக் குளம், எப்போது, யார் பார்த்தது என்று எதுவும் இருக்காது. 2015-இல் சென்னையில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வெள்ளத்தில் வருகின்றன என்று ஒரு வதந்தி ஓடியது நினைவிருக்கலாம். பயத்தில் மாடியிலிருந்து இறங்கி ஓடுபவர் தண்ணீரில் மாட்டிக்கொள்வார் என்பதை அனுப்புகிறவர் நினைத்துப் பார்ப்பதில்லை.

உண்மையான எச்சரிக்கையும் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அடையாற்றங்கரையில் இருப்பவருக்கு அந்த எண்ணை வைத்து என்ன புரியும்? என் தெருவுக்கு வருமா, எத்தனை மணிக்கு, இடுப்பளவா கழுத்தளவா என்பதுதான் கேள்வி. இதைச் சொல்லக்கூடியவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும், எந்த மடை அடைத்துக் கிடக்கிறது என்று, குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சிகளுக்கும் பழைய விவசாயிகளுக்கும் தெரியும். அவர்களில் ஒருவருடைய கைபேசி எண் ஒவ்வொரு தெருக் குழுவிலும் இருக்கட்டும்.

உதவி கேட்டு அனுப்பும் செய்தியில் தேதி, நேரம், கதவு எண், அடையாளம், எத்தனை பேர், எந்த மாடி, உடல்நிலை என்ன என்பது இருக்க வேண்டும். ஆளை மீட்டதும் அதே செய்திக்குக் கீழே "மீட்டாச்சு" என்று போட வேண்டும். இல்லையென்றால் படகு காலி வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. செல்போன் கோபுரங்கள் செயலிழந்தால் எந்த எண்ணும் உதவாது, எங்களுக்கு அப்படித்தான் ஆனது. அதனால் யார் எந்த மாடி வீட்டில் ஒதுங்குவது என்பதை மழைக்கு முன்பே வாய்ப்பேச்சாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைக் குறைத்து எடைபோடுவது

ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும். ஓரடித் தண்ணீர் சின்ன காரைத் தூக்கிவிடும். பைக்கில் போய்விடலாம் என்ற நினைப்பு வேண்டாம். நடந்தே ஆக வேண்டுமானால் மூங்கில் கழியால் தரையைத் தட்டிப் பார்த்து, கயிறு பிடித்து, இரண்டு மூன்று பேராகப் போங்கள். மூடி திறந்த சாக்கடை மேலே தெரியாது. நீந்தத் தெரிந்த பையன் என்பதற்காக யாரையும் இறக்கிவிடாதீர்கள். குளத்தில் நீந்துவது வேறு, ஆற்று இழுவையில் நீந்துவது வேறு. காலி பிளாஸ்டிக் கேன் நாலைச் சேர்த்துக் கட்டினால்கூட ஒரு மிதவை கிடைக்கும்.

தண்ணீர் வாசலைத் தாண்டுமுன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். உள்ளே தண்ணீர் நின்றபிறகு, அதில் நின்றுகொண்டு சுவிட்ச் பெட்டியைத் தொடக் கூடாது. வெளியில் மின்சாரம் இல்லையென்றாலும் இன்வெர்ட்டர் இருக்கிறது என்பதைப் பலர் மறக்கிறார்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய வராந்தாவிலோ ஓட்டவே கூடாது, அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயு மணமில்லாமல் ஆளைக் கொல்லும். மீண்டும் மின்சாரம் வந்தாலும் எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் எந்த சுவிட்சையும் போடாதீர்கள். நனைந்த பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்வதும் அப்படித்தான். என்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் அந்த ஒரு உதையிலேயே செலவு பல மடங்காகிவிடும்.

இன்னொன்று, சொல்வதற்குச் சங்கடமானது. தங்கள் தெருவில் தண்ணீர் வடிய வேண்டும் என்று ராத்திரியில் சாலையையோ கரையையோ வெட்டிவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கோ மறைந்துபோவதில்லை, பள்ளத்துத் தெருவின் கட்டிலுக்கு அடியில் போய் நிற்கிறது. கோரம்பள்ளம் குளம் உடைத்துக்கொண்டு தூத்துக்குடிக்குள் வந்த தண்ணீர் எங்கள் தெருவில் நாள்கணக்கில் நின்றது, அந்த அவதி எனக்குத் தெரியும். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வருவாய்த்துறை, நீர்வளத்துறை ஆட்களையும் கீழ்த்தெரு ஆட்களையும் கூட வைத்துக்கொண்டு பகலில் முடிவெடுங்கள்.

அவசரமாகக் கழுவிவிடுவது

தண்ணீர் வடிந்ததும் வாளியும் துடைப்பமுமாக இறங்கிவிடுகிறோம். முதலில் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர்க் கோடு, நனைந்த பீரோ, வண்டி எண் தெரியும்படி வண்டி, செத்த ஆடு மாடு. காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் இதுதான் சாட்சி. நனைந்த பத்திரம், சான்றிதழ்களை வெயிலில் காயப்போட்டால் சுருண்டு வெடிக்கும். ஒட்டிக்கொண்ட தாளைப் பிய்க்காமல், செய்தித்தாளுக்கு நடுவே வைத்து நிழலில் உலர்த்துங்கள். போனது போகட்டும் என்று விட்டுவிடாமல், நகல் சான்றிதழ் தரும் சிறப்பு முகாம் எப்போது என்று தாலுகா அலுவலகத்தில் விசாரித்துத் தெருவுக்குச் சொல்லுங்கள்.

பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். எங்கள் தெருவில் ஒரு பையன் அப்படிக் கழுவி, மூச்சுத் திணறி வாசலில் வந்து விழுந்தான். நல்லவேளை, கதவு திறந்திருந்தது. சம்ப்புத் தண்ணீரை முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, நிரப்பியபிறகு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் பொறுங்கள். குடிக்கும் தண்ணீரை எப்படியும் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து உடனே கொடுக்கத் தொடங்குங்கள்.

வெறுங்காலோடு சகதி அள்ளாதீர்கள். கண்ணாடித் துண்டும் பாம்பும் ஒருபுறம், எலிக்காய்ச்சல் ஒருபுறம். காலில் சின்ன வெடிப்பு இருந்தாலே போதும், கிருமி ஏறிவிடும். 2018 வெள்ளத்தின்போது கேரளத்தில் தொண்டர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தார்கள். நீங்களும் மருத்துவ முகாமில் கேளுங்கள், கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். உதவி செய்து திரும்பி, ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால், வெள்ளத்தில் நின்றதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நிரம்பிய செப்டிக் டேங்குக்குள் யாரையும் இறக்காதீர்கள். பணம் கூடத் தருகிறேன் என்று சொல்லியும் இறக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது, அதைவிட முக்கியமாக, இறங்கியவர் மேலே வராமல் போகலாம். வேறு மாவட்டங்களிலிருந்து அழைத்துவரப்படும் தூய்மைப் பணியாளர்கள் எங்கே தூங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. நம் வீட்டுச் சகதியை அள்ளுகிறவர்களுக்கு நம் தெருவில் குளிக்க ஒரு குழாய், ஒரு டீ, காலுக்கு ஒரு கம்பூட்ஸ் இல்லையென்றால் அது நமக்குத்தான் குறைச்சல்.

பத்தாம் நாளோடு கிளம்பிவிடுவது

தை பிறந்தபோது எந்த வண்டியும் வரவில்லை. நோட்டில் ஒவ்வொரு பக்கமும் அப்படியே இருந்தது. தாரோடு சாய்ந்த வாழைக்கு வாங்கிய கடன், நனைந்து போன பத்தாம் வகுப்புப் புத்தகம், துருப்பிடித்த தையல் மிஷின், செத்த ஆடுகள். நாங்கள் அரிசி கொடுப்பதை நிறுத்திவிட்டு, மெக்கானிக் இருவரைக் கூட்டிக்கொண்டு போனோம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பதினோரு தையல் மிஷின் ஓடத் தொடங்கின. சகதியை விட்டால் பெரிய பழுது எதுவும் இல்லை, பிரித்துக் கழுவி எண்ணெய் போட ஆள்தான் தேவைப்பட்டது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுவரில் இருந்த தண்ணீர்க் கோட்டையும் அழித்துவிட்டார்கள், பார்க்கப் பிடிக்காதுதான். எங்கள் தெருவில் ஒரு சுவரில் மட்டும் விடச் சொன்னோம். பழைய கோட்டின் மேலேயே நீலப் பெயின்ட்டில் ஒரு கோடு, பக்கத்தில் 18.12.2023. தரையிலிருந்து நாலடி மூன்று அங்குலம். அதற்குக் கீழே, மேல்மாடி உள்ள ஐந்து வீடுகளின் கதவு எண்கள்.