சீட்டுக் குலுக்குவது எளிது, மறைப்பதுதான் வேலை: மருத்துவ ஆய்வில் ரேண்டம் முறை

யாருக்கு எந்த மருந்து என்பதை ஆள் முடிவு செய்யாமல் சீட்டுக் குலுக்குவதுபோல் தற்செயலுக்கு விடுவதுதான் ரேண்டம் முறை. முதலில் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்: யாருக்கு, எந்த மருந்து, எதனோடு ஒப்பிட்டு, எந்த நாளில் எதை அளக்கப் போகிறீர்கள்? "குணமானார்களா" என்பது போதாது. "28-ஆம் நாள் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை" என்று இருக்க வேண்டும். முதன்மை அளவீடு ஒன்றே ஒன்று. பத்தை அளந்துவிட்டு நன்றாக வந்ததைப் பொறுக்கினால், தற்செயலாக வந்ததைத்தான் பொறுக்கியிருப்பீர்கள்.

அடுத்து, எத்தனை பேர்? பழைய மருந்தில் 60% குணம், புதியதில் 75% எதிர்பார்ப்பு என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான 5% பிழை வரம்புக்கும் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகக் காட்டும் வாய்ப்பு) 80% திறனுக்கும் (இருக்கிற வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) குழுவுக்குச் சுமார் 150 பேர் தேவை. 10% பேர் பாதியில் விலகக்கூடும் என்றால் 150-ஐ 0.9-ஆல் வகுங்கள், 167. வெறுமனே 15 கூட்டினால் இரண்டு பேர் குறையும். எதிர்பார்க்கும் வித்தியாசம் பாதியானால் தேவைப்படும் ஆட்கள் இரு மடங்கல்ல, நான்கு மடங்குக்கும் மேல்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி, மருத்துவ ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேட்டில் பதிவு இரண்டும் முதல் நோயாளி சேரும் முன்பே முடிய வேண்டும்.

இப்போது, யாருக்கு எந்தக் குழு என்ற பட்டியல். இதை நோயாளிகளைச் சேர்க்காத ஒருவர் கணினியில் தயாரிக்கட்டும். திங்கள் வந்தவருக்கு மருந்து, செவ்வாய் வந்தவருக்கு பிளாசிபோ (மருந்தில்லாத போலி மாத்திரை) என்பதெல்லாம் ரேண்டம் ஆகாது. குழுக்கள் சமமாக இருக்க, நால்வர் நால்வராகக் கட்டுப் போடுவார்கள். இருவருக்கு அ, இருவருக்கு ஆ. இதில் ஒரு ஓட்டை உண்டு. யாருக்கு எது என்று டாக்டருக்குத் தெரிகிற ஆய்வில் அ, ஆ, ஆ என்று மூவருக்கு வந்துவிட்டால், நான்காமவருக்கு அ என்று யாரும் சொல்லிவிடலாம். அதனால் நான்கையும் ஆறையும் கலந்து போடுங்கள். கட்டின் அளவை மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டாம்.

சொதப்புவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். அடுத்த சீட்டு தெரிந்த டாக்டர், "இவர் ரொம்ப மோசமாக இருக்கிறார், நாளைக்குச் சேர்ப்போம்" என்பார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, ஆனால் ஆய்வு சாய்ந்துவிடும். 1948-இல் வெளியான பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய் ஆய்வு 107 பேரை வைத்து நடந்தது. அதிலேயே பட்டியலை மறைத்து, ஒட்டிய கவர்களில்தான் சீட்டு போனது. கவர் என்றால் வரிசை எண்ணிட்டது, விளக்கில் பிடித்தாலும் உள்ளே தெரியாதது. தகுதி பார்த்து, ஒப்புதல் வாங்கி, ஆரம்ப அளவுகளைக் குறித்து, கவர் மேல் நோயாளியின் பெயரும் தேதியும் எழுதிய பிறகே பிரிக்க வேண்டும். வசதி இருந்தால் தொலைபேசி அல்லது இணையவழி மையப் பதிவு இதைவிட மேல்.

மாத்திரை இரண்டும் நிறம், சுவை, டப்பா எல்லாம் ஒன்றுபோல இருக்கட்டும். முடிவை அளப்பவருக்கும் குழு தெரியக் கூடாது.

கணக்குப் போடும்போது, வாந்தி வந்து மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்தியவரைத் தூக்கிவிடத் தோன்றும். தூக்காதீர்கள். சீட்டில் எந்தக் குழு வந்ததோ, அந்தக் குழுவிலேயே அவரை எண்ணுங்கள். மருந்தைத் தாங்க முடியாதவர்களைக் கழித்துவிட்டால், மிஞ்சுபவர்கள் தாங்கியவர்கள் மட்டுமே.