எமுலேட்டர் திறக்காதபோது எங்கிருந்து தேடத் தொடங்குவது

காட்பாடியில் மாலை நேரங்களில் என்னிடம் ஆண்ட்ராய்டு செயலி எழுதக் கற்க வரும் கல்லூரி மாணவர்களில் பலர், முதல் வாரத்தில் என் முன் கொண்டுவந்து வைப்பது பாதியில் நின்றுபோன எமுலேட்டர் திரையைத்தான். அடுத்த நிமிடமே செயலி எழுதப் பயன்படும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். கற்ற புதிதில் நானும் ஒரே நாளில் மூன்று முறை அப்படிச் செய்து, பல ஜிபி இணைய அளவைத் தீர்த்ததைத் தவிர வேறு பயன் கண்டதில்லை. எமுலேட்டர் என்பது தனக்கென இயங்குதளமும் நினைவகமும் கொண்ட முழுக் கைப்பேசி ஒன்று கணினிக்குள் ஓடுவது; ஆகவே கணினி, விண்டோஸ், ஸ்டூடியோவில் நீங்கள் உருவாக்கும் அந்தக் கைப்பேசியான மெய்நிகர்க் கருவி, அதை ஸ்டூடியோவோடு இணைக்கும் ஏடிபி என்ற நிரல், கடைசியாக உங்கள் செயலி என்று அடியிலிருந்து மேலே தேடுங்கள். ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் ரேம். ஸ்டூடியோவையும் எமுலேட்டரையும் சேர்த்து ஓட்ட 16 ஜிபி இருப்பது நல்லது. 8 ஜிபி உள்ளவர்கள் குரோமை மூடிவிட்டு, சிறிய திரை கொண்ட கருவியைத் தேர்ந்தெடுத்துச் சமாளிக்கலாம். தமிழக அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினியை அண்ணனிடமிருந்தோ அக்காவிடமிருந்தோ பெற்று வைத்திருப்பவர்கள், அந்தக் கால ரேமில் எமுலேட்டரோடு மல்லுக்கட்டாமல் தங்கள் கைப்பேசியையே இணைத்துக்கொள்வது மேல். கைப்பேசியின் அமைப்புகளில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்க வேண்டும். அதன் பிறகும் கைப்பேசி தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றி, தரவைக் கடத்தாத கேபிள்கள் கடைகளில் ஏராளம்.

ரேம் போதுமானதாக இருந்தும் எமுலேட்டர் திறக்கவில்லை, அல்லது திறந்து ஆமை வேகத்தில் நகர்கிறது என்றால், பெரும்பாலும் விர்ச்சுவலைசேஷன், அதாவது ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்ட ப்ராசசர் தரும் வசதி, அணைந்திருக்கும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் சென்று சிபியுவைச் சொடுக்கினால், அது இயங்குகிறதா என்பது கீழே எழுதப்பட்டிருக்கும். இயங்கவில்லையெனில் கணினியை மீண்டும் தொடங்கி, விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் செல்ல வேண்டும். டெல் மடிக்கணினிகளில் பொதுவாக எஃப்2, எச்பியில் எஃப்10 விசை. இன்டெல் ப்ராசசர் என்றால் விடி-எக்ஸ் அல்லது விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றும், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் மோடு என்றும் அந்த வசதிக்குப் பெயர் இருக்கும். அதை இயக்கிச் சேமித்த பின், விண்டோஸ் வசதிகளை இயக்கும் பட்டியலில் விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் என்பதையும் தேர்ந்தெடுத்துக் கணினியை மறுபடி தொடங்குங்கள். பழைய வீடியோக்கள் எமுலேட்டரை வேகப்படுத்தும் ஹேக்ஸம் என்ற மென்பொருளை நிறுவச் சொல்லும். இன்டெல் அதன் உருவாக்கத்தை 2023-லேயே நிறுத்திவிட்டதால், அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்து வருவது தமிழர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல். விண்டோஸில் பயனர் பெயரைத் தமிழ் எழுத்துகளில் வைத்திருந்தால், அந்தப் பெயரிலேயே பயனர் கோப்புறை உருவாகியிருக்கும். ஆங்கிலமல்லாத எழுத்துகள் கொண்ட பாதையில் எமுலேட்டர் தடுமாறும். பெயரைப் பின்னர் மாற்றினாலும் கோப்புறையின் பெயர் மாறாது. ஆகவே சி டிரைவின் நேர் கீழே ஆங்கிலப் பெயரில் ஒரு கோப்புறை உருவாக்கி, செயலி எழுதத் தேவையான கருவிகளின் தொகுப்பான எஸ்டிகேயை அங்கே வையுங்கள். மெய்நிகர்க் கருவிக்கும் அதேபோல் ஒரு கோப்புறை உருவாக்கி, ஆண்ட்ராய்டு, ஏவிடி, ஹோம் ஆகிய மூன்று சொற்களையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அடிக்கோட்டால் இணைத்துப் பெயரிட்ட விண்டோஸ் சூழல் மாறியில் (என்விரான்மென்ட் வேரியபிள்) அதன் பாதையைக் குறித்துவிடுங்கள். தாய்மொழியில் பெயர் வைத்ததற்கு இது நியாயமில்லாத தண்டனைதான்.

நேற்று வரை ஓடிய எமுலேட்டர் இன்று கறுப்புத் திரையோடு நின்றால், இடையில் மின்சாரம் போனதா என்று நினைத்துப் பாருங்கள். எமுலேட்டர் மூடும்போது தன் நிலையைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அங்கிருந்தே எழும். பேட்டரி போன மடிக்கணினி அந்த நேரத்தில் அணைந்தால் அந்தப் பதிவு கெட்டுவிடும். ஸ்டூடியோவின் டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவிக்கு அருகிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, கோல்டு பூட் நவ் கொடுத்தால் பழைய பதிவை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கும். அதே கருவி ஏற்கெனவே ஓடுகிறது என்று பிழைச்செய்தி வந்தால், அதன் கோப்புறைக்குள் பூட்டு என்று பொருள்படும் லாக் என்ற சொல்லில் பெயர் முடியும் கோப்புகளை நீக்குங்கள். வைப் டேட்டா கடைசி வழி. அது கருவிக்குள் நீங்கள் வைத்த எல்லாவற்றையும் அழித்துவிடும். இவை எதற்கும் திரை வெளுக்கவில்லை என்றால், கருவியின் அமைப்பில் கிராஃபிக்ஸை சாஃப்ட்வேர் என்று மாற்றிப் பாருங்கள். வேகம் குறையும், படம் வரும். மே மாதத்து வேலூர் வெயிலில் மடிக்கணினியை மெத்தைமேல் வைத்து ஓட்டுபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சூடேறிய ப்ராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

திரை தெரிகிறது, ஸ்டூடியோ மட்டும் கருவியை ஆஃப்லைன் என்கிறது என்றால், ஏடிபியை நிறுத்தித் தொடங்கினால் போதும்.

இவ்வளவும் சரியாகி, செயலி மட்டும் மூடிக்கொள்கிறது என்றால்தான் உங்கள் நிரலைச் சந்தேகிக்க வேண்டும். கருவியின் செய்திகளை ஸ்டூடியோ காட்டும் பகுதியான லாக்கேட்டில் ஃபேட்டல் எக்செப்ஷன் என்ற வரியைத் தேடி, அதன் கீழே உங்கள் கோப்பின் பெயர் முதலில் வரும் வரி எண்ணைப் பாருங்கள். வேலூர்ப் பேருந்து நேரங்களைக் காட்டும் செயலி ஒன்றை ஒரு மாணவர் எழுதிவந்தபோது, அவருடைய கணினியிலேயே ஓடிய சர்வரை எமுலேட்டர் கண்டுகொள்ளவில்லை. லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருந்தார். எமுலேட்டருக்குள் அந்தச் சொல் எமுலேட்டரையே குறிக்கும், கணினியைச் சுட்ட 10.0.2.2 என்று எழுத வேண்டும். அதற்குப் பிறகும் இணைப்பு கிடைக்கவில்லை. ஆண்ட்ராய்டு 9 முதல் மறையாக்கம் இல்லாத எச்டிடிபி இணைப்பு இயல்பாகவே தடுக்கப்படுகிறது என்பதால், சோதனைக்காக மட்டும் அதைச் செயலியின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டில் அனுமதிக்க வேண்டியிருந்தது.

அவருடைய செயலி கடைசியாக ஓடியபோது, பயனர் நிற்கும் இடம் கலிஃபோர்னியா என்றது. அது பிழையன்று; எமுலேட்டர் தன்னை கூகுள் தலைமையகம் உள்ள மவுண்டன் வியூவில் இருப்பதாகவே கருதிக்கொள்ளும். எமுலேட்டரின் பக்கப் பட்டையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, லொகேஷன் பகுதியில் வேலூர்க் கோட்டையைத் தேடியோ, அட்சரேகை 12.92, தீர்க்கரேகை 79.13 என்ற அளவில் வரைபடத்தில் புள்ளி வைத்தோ, செட் லொகேஷனை அழுத்துங்கள். அப்போதும் பழைய இடமே தெரிந்தால், எமுலேட்டருக்குள் கூகுள் மேப்ஸை ஒருமுறை திறந்து, நீலப் புள்ளி வேலூருக்கு வந்த பிறகு உங்கள் செயலிக்குத் திரும்புங்கள்.