ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதையும் கேளுங்கள்

காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும் மட்டும்தான் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் நாய்க்கடி ஊசியும் பாம்புக்கடி மருந்தும்கூட அங்கேயே கிடைக்கும். நாய் கடித்தால் முதலில் காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் நன்றாகக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்க வேண்டாம். அப்புறம் நேராக ஊசி போடப் போங்கள்.

பலர் கேட்காமலே விடுவது 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவுக்குக் கை கால் பயிற்சி, புற்றுநோய் முற்றிய பாட்டிக்கு வலி தணிக்கும் சிகிச்சை இரண்டும் இதில் உண்டு. எல்லாமே இலவசம். இது தெரியாமல் மாதாமாதம் கடன் வாங்கி மாத்திரை வாங்கும் குடும்பங்கள் இருப்பதுதான் வேதனை. உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதியச் சொல்லுங்கள். பழைய மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும்.

மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108. மனசு சரியில்லை என்றாலும் தயங்காமல் 104-ல் பேசலாம்.