எலுமிச்சைப் பச்சையின் மேல் வெள்ளை எழுத்தா?

புளியங்குடியில் ஓர் எலுமிச்சைக் கமிஷன் கடைக்காகச் செயலி ஒன்றை வடிவமைத்தேன். பொத்தான்கள் எல்லாம் அடர் எலுமிச்சைப் பச்சை. மஞ்சள் ஏறத் தொடங்காத காயின் தோல் நிறம். அந்த ஊருக்கும் தொழிலுக்கும் அதைவிடப் பொருத்தமான நிறம் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். பாளையங்கோட்டையில் என் அறைக்குள் பார்த்தபோது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. மண்டி வாசலில், பதினொரு மணி வெயிலில், கடைக்கார அண்ணாச்சி செல்போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "தம்பி, பச்சை தெரிகிறது. எழுத்து எங்கே?" என்று கேட்டார்.

பொத்தானில் வெள்ளை எழுத்தில் 'விற்க' என்று இருந்தது. நிழலுக்கு வந்து பார்த்தபோதும் புள்ளி தெரியவில்லை. 'விறக' என்றுதான் படிக்க முடிந்தது.

இந்த நிறத்தைக் கையாளுவோர் செய்யும் முதல் தவறு இதுதான். மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை. 'அடர்' என்ற சொல்லை நம்பி, இதை இருண்ட நிறம் என்று எண்ணிவிடுகிறோம். திரையில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் கலவை, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். சிவப்பு 126, பச்சை 189, நீலம் 1 என்ற கலவையை எடுத்துக்கொள்ளுங்கள். திரையின் ஒளிர்வைக் கணக்கிடும் சூத்திரத்தில் பச்சையின் பங்கு மட்டும் 0.7152, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு 0.0722. பச்சை கூடினால் ஒளியும் கூடிவிடும். அதனால் இந்த நிறத்துக்கும் வெள்ளைக்கும் உள்ள மாறுபாட்டு விகிதம், அதாவது ஒளிர்வில் ஒன்றிலிருந்து மற்றது எவ்வளவு விலகி நிற்கிறது என்ற அளவு, 2.3தான் வருகிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டி, 2008 முதலே, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கிறது. அதே பச்சையின் மேல் கறுப்பில் எழுதினால் விகிதம் 9.2! மஞ்சள் பலகையில் யாரும் வெள்ளையில் எழுதுவதில்லை. இந்தப் பச்சையையும் மஞ்சளின் உடன்பிறப்பாகவே நடத்த வேண்டும்.

எழுத்தைப் பெரிதாக்கினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஏறத்தாழ 24 பிக்சலுக்கு மேற்பட்ட எழுத்துக்கு அதே வழிகாட்டி 3 என்ற விகிதத்தை ஏற்கிறது, 2.3 அதற்கும் எட்டாது. பச்சையைச் சற்றுக் கறுக்கவைத்து 3ஐத் தொட்டுவிட்டாலும் தமிழில் அதோடு நின்றுவிடக் கூடாது என்பேன். நம் எழுத்தில் மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிப்பது தலைக்கு மேலுள்ள ஒரு சிறு புள்ளி. ணகரமும் னகரமும் ஒரு சுழியில் வேறுபடுகின்றன. மாறுபாடு குறைந்தால் முதலில் கரைவது புள்ளி, அடுத்துச் சுழி. 'பாக்கி' என்ற சொல்லில் புள்ளி போனால் 'பாககி'. கணக்குப் பார்க்கிறவர் திரையில் அப்படி நேரக் கூடாது.

பொத்தானில் வெள்ளை எழுத்துதான் வேண்டும் என்றால், சாயலை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை ஆழமாக்குங்கள். சிவப்பு 75, பச்சை 122, நீலம் 0 என்றால் வெள்ளையோடு விகிதம் 5.1 கிடைக்கும். ஆனால் அந்த ஆழ்ந்த பச்சையையே இருட்டுத் திரைக்கும் கொண்டுபோவது இன்னொரு தவறு. கருந்தரையில், அதாவது கறுப்புப் பின்னணியில், அதற்கு 4.1தான், அங்கே முந்தைய வெளிச்சமான பச்சையே எழுத்தாக நன்றாக நிற்கும். ஆக, ஒரே பச்சையை வைத்துக்கொண்டு பகலையும் இரவையும் சமாளிக்க முடியாது. தொடக்கத்திலேயே இரண்டு பச்சைகளைத் தீர்மானித்து, எது எந்தத் தரைக்கு என்று எழுதி வைத்துவிடுங்கள். வெள்ளைத் தரையில் உள்ளீட்டுப் பெட்டிகளின் மெல்லிய கோடுகளுக்கும் ஆழ்ந்த பச்சையே வேண்டும்.

நிறத்தைப் பெயரால் தேர்ந்தெடுப்பதும் வம்பு. ஜவுளிக் கடையில் கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை என்று கேட்டால் புடவையை விரித்துக் காட்டி உறுதி செய்துகொள்ளலாம். இணைய நிறப் பட்டியலில் 'லைம்' என்று கேட்டால் வருவது பச்சை 255, மற்ற இரண்டும் 0. கண்ணைக் குத்தும் நிறம். 'லைம்கிரீன்' என்பது 50, 205, 50. இரண்டிலும் எலுமிச்சையின் மஞ்சள் சாடை கிடையாது. எண்களைச் சொல்லிக் கேளுங்கள்.

மண்டிச் செயலியில் எனக்கு அதிகம் யோசனை தந்தது விலைப் பட்டியல். ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு என்று வைத்திருந்தேன். தோட்டக்காரருக்கு விலையேற்றம் நல்ல செய்தி. மூட்டை எடுக்க வந்த வியாபாரிக்கு அது கவலை. ஒரே பச்சை இருவருக்கும் ஒரே பொருளைச் சொல்லாது. பொத்தானும் பச்சை என்பதால், விலையைத் தொட்டால் ஏதோ திறக்கும் என்று நினைத்து அழுத்தியவர்களும் உண்டு. இதைவிட முக்கியமானது, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பார்வை. அதற்குக் காரணமான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம் அது அதிகம். மஞ்சள் கலந்த இந்தப் பச்சை அவர்களில் பலருக்கு ஆரஞ்சோடு கலந்துவிடும். மேல்நோக்கிய அம்புக்குறியும், 'ஏற்றம்', 'இறக்கம்' என்ற சொற்களும் சேர்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி. விலை எண்களைக் கறுப்பாகவே விட்டுவிட்டேன்.

அடுத்தது அளவு. பத்தமடைப் பாய்களில் நான் கண்டவற்றில் பெரும்பரப்பு கோரையின் வெளிறிய நிறமாகவே இருக்கும். சாயமேற்றிய கோரை கரையிலும் கோடுகளிலும் வரும். அதனால்தான் கரை கண்ணில் நிற்கிறது. தலைப்புப் பட்டை, பக்கவாட்டுப் பட்டி, பின்னணி, சின்னங்கள் எல்லாவற்றிலும் எலுமிச்சைப் பச்சையை அள்ளிப் பூசினால் எதை அழுத்துவது என்று தெரியாமல் போகும். ஒரு திரையில் ஒரு முதன்மைப் பொத்தான், தேர்ந்தெடுத்த வரிக்கு ஒரு சிறு கோடு. எனக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது.

செயலற்ற பொத்தானைக் காட்ட இதே பச்சையை வெளுக்கவைக்காதீர்கள். வெயிலில் அது இயங்கும் பொத்தான் போலவே தெரியும். சாம்பல் நிறம் போதும்.

சோதனையை அறைக்குள் முடித்துவிடாதீர்கள். திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, நண்பகலில் திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் நிலையத்துக்கு வெளியே நின்று, 'விற்க' என்ற சொல்லைப் பாருங்கள். புள்ளி தெரிகிறதா?