தமிழில் தட்டும்போதே ஊர்ப்பெயர் காட்டும் பெட்டி செய்வது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் வகுப்புப் பதிவுப் படிவம் ஒன்றுக்காக இதைச் செய்தேன். ஓரெழுத்து தட்டியதும் ஊர்ப்பெயர்கள் கீழே வர வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் அடிப்படை தெரிந்தால் போதும்.

முதலில் பட்டியல். ஒவ்வோர் ஊருக்கும் காட்டும் பெயர் ஒன்று, தேடும் பெயர்கள் பல என்று வையுங்கள். ஸ்டேங்கர் இப்போது குவாடுகூசா. ஆனால் பெரியவர்கள் ஸ்டேங்கர் என்றுதான் தட்டுவார்கள். ஆங்கில எழுத்துக் கூட்டலையும் சேர்த்துவிடுங்கள். எச்டிஎம்எல்லிலேயே இருக்கும் பரிந்துரைப் பட்டியலான டேட்டாலிஸ்ட் எனக்குப் பிடிப்பதில்லை; எதைப் பொருத்துவது, எப்படிக் காட்டுவது என்பதை பிரவுசரே முடிவு செய்துவிடும். இவ்வளவு சின்னப் பட்டியலுக்கு லைப்ரரியும் வேண்டாம், சர்வரும் வேண்டாம். பட்டியலைப் பக்கத்திலேயே வைத்தால் மொபைல் டேட்டா மிச்சம்.

அடுத்து, பெட்டியின் 'இன்புட்' நிகழ்வைக் கவனித்து, தட்டியதைத் தேடும் பெயர்களின் தொடக்கத்தோடு ஒப்பிடுங்கள். 'கீஅப்' வேண்டாம், ஆண்ட்ராய்டு கீபோர்டில் எந்த விசை என்றே பல நேரம் தெரியாது.

இனிதான் சிக்கல். ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்துகளால் தமிழைத் தட்டுபவர் வெருலம் என்ற ஊர்ப்பெயரை எழுதும்போது, முதலில் 'வ்' வரும். அப்புறம் 'வெ', 'வெர்', 'வெரு'. 'வ்' என்று தொடங்கும் ஊர் ஏது? பட்டியல் வரும், மறையும், மறுபடி வரும். ஒப்பிடும் முன் தட்டிய சொல்லின் கடைசிப் புள்ளியை நீக்கிவிடுங்கள். 'வெர்' என்பது 'வெர' ஆகும். யூனிகோடில் 'ரு' என்பது ர, அதன்பின் உகரக் குறி என இரண்டு குறியீடுகள். ஆகவே 'வெர' வெருலத்தின் தொடக்கமாகவே பொருந்தும், பட்டியல் நிலையாக நிற்கும்.

'டொங்காட்' போன்ற பெயரில் இன்னொன்று. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. தட்டியது, பட்டியல் இரண்டையும் 'நார்மலைஸ்' செய்து என்எஃப்சி வடிவுக்கு, அதாவது குறி ஒரே குறியீடாக இருக்கும் வடிவுக்குக் கொண்டுவாருங்கள்.

பட்டியலில் ஊரைத் தேர்ந்தெடுக்க 'கிளிக்' நிகழ்வைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு முன்பே பெட்டியை விட்டு விலகும் 'பிளர்' நிகழ்வு நடந்து பட்டியல் மூடிவிடும். 'மவுஸ்டவுன்' நிகழ்வில் இயல்புச் செயலைத் தடுத்து அங்கேயே தேர்வைப் பதியுங்கள்.

பிறகு சேர்த்தது: சிலருக்கு என்டர் அழுத்தியதும் பாதிச் சொல்லிலேயே ஊர் தேர்வாகிவிட்டது. கீபோர்டு இன்னும் எழுத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும் நேரம் அது. விசை நிகழ்வின் 'இஸ்கம்போசிங்' மதிப்பு உண்மை (true) என்றால் அந்த என்டரை விட்டுவிடுங்கள்.