கால்நடை நோயறிதல் ஆய்வகம்: புதிதாக மேற்பார்வைக்கு வருபவர்களுக்கு

பொறுப்பு கைக்கு வந்ததும் பலர் நேராகக் கருவிகளைத்தான் பார்க்கப் போவார்கள். நீங்கள் மாதிரி வாங்கும் மேசையில் தொடங்குங்கள். தவறான முடிவுகளில் பெரும்பாலானவை அங்கேயோ அதற்கும் முன்போ உருவாகிவிடுகின்றன.

முதல் வேலை, எதை வாங்குவது, எதைத் திருப்புவது என்று எழுதி ஒட்டுவது. விலங்கின் அடையாளம், இனம், வயது, ரத்தம் எடுத்த நேரம் இல்லாமல் வந்தால் அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் வைக்கும் உப்பு) போட்ட குழாயில் ரத்தம் உறைந்திருந்தால் அணு எண்ணிக்கைக்கு அது உதவாது. சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீர்) பிரிக்காமல் வைத்தால் அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். பொட்டாசியம் எகிறி, கால்சியம் படுத்துவிட்டதா? நோயைத் தேடுமுன் ஈடிடிஏ ரத்தம் சீரம் குழாயில் கலந்ததா என்று விசாரியுங்கள். அந்த உப்பில் பொட்டாசியம் உண்டு, கால்சியத்தையும் அது பிடித்துக்கொள்ளும். திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் புட்டியையும் சாயமேற்றாத ஸ்லைடுகளையும் ஒரே பையில் போடாதீர்கள். ஆவி பட்டாலே சாயம் சரியாக ஏறாது.

அப்புறம் கருவிகள். தினமும் மாதிரிகளுக்கு முன் கன்ட்ரோல் (மதிப்பு முன்பே தெரிந்த சோதனைப் பொருள்) ஓட்டி வரைபடத்தில் குறியுங்கள். சராசரியிலிருந்து 2 திட்டவிலக்கம் தாண்டினால் எச்சரிக்கை. 3 தாண்டினால் முடிவு எதையும் வெளியே விடாமல் காரணம் தேடுங்கள். சரியாக வரும்வரை கன்ட்ரோலையே திரும்பத் திரும்ப ஓட்டும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள், அது ஏமாற்றுவேலை.

விலங்குக்கு விலங்கு ரத்தம் வேறு. பூனையின் தட்டணுக்கள் எளிதில் கொத்தாகச் சேரும், கருவி எண்ணிக்கை குறைவு என்று சொல்லிவிடும். ஸ்மியர் (ஸ்லைடில் மெல்லியதாகப் பூசிய ரத்தம்) பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பறவையின் சிவப்பணுவில் உட்கரு இருப்பதால் வழக்கமான கருவிகள் தடுமாறும். அங்கே மைக்ராஸ்கோப்பும் பொறுமையும்தான்.

பாதுகாப்பில் சலுகை கிடையாது. மனிதருக்கும் தொற்றும் புரூசெல்லா கிருமி சந்தேகம் என்றால் திறந்த மேசையில் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) வேண்டாம். வெறிநோய் மாதிரியைத் தொடுபவருக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அடைப்பான் நோய் (ஆந்த்ராக்ஸ்) சந்தேகம் உள்ள உடலை அறுக்கவே கூடாது: காற்றுப் பட்டால் கிருமி ஸ்போராக (எளிதில் சாகாத விதை போன்ற வடிவமாக) மாறி மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். நோயைக் கண்டறிய ரத்த ஸ்மியர் போதும்.

கடைசியாக அறிக்கை. எண்களோடு மாதிரி வந்த நிலையையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தான முடிவு என்றால் அறிக்கை தயாராகும்வரை காத்திராமல் மருத்துவருக்குப் போன் செய்து, யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று பதிவேட்டில் குறியுங்கள்.