நாட்டுத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

உசிலம்பட்டி, பேரையூர், நத்தம் பக்கத்து மலையடிவாரத் தோட்டங்களில் பயிர்க்காவலுக்கென்று உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் நாட்டுத்துப்பாக்கி இன்னமும் சில வீடுகளில் உண்டு. உரிமப் புத்தகத்தில் எஸ்.பி.எம்.எல். (சிங்கிள் பேரல் மசில் லோடிங்) என்று எழுதியிருக்கும். குழலின் வாய் வழியே கருமருந்து என்னும் வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை இறக்கி, கெஜக்கோலால் கெட்டிக்கிற ரகம். விலை குறைவு, அமைப்பும் எளிது. அதனாலேயே மண்வெட்டி மாதிரி மூலையில் சாத்தி வைத்துவிடுகிறார்கள்.

எல்லாத் தவறுக்கும் பெரிய தவறு, தண்ணீருக்குப் பயப்படுவது. இரும்பு துருப்பிடித்துவிடும் என்று சுட்ட துப்பாக்கியை மண்ணெண்ணெயிலோ என்ஜின் ஆயிலிலோ துடைத்து மாட்டிவிடுவார்கள். கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். அது எரிந்து முடித்ததும் பாதிக்கு மேல் வாயுவாகப் போவதில்லை. புகையில் கலந்த தூளாகவும் குழலுக்குள் அப்பிய கசடாகவும் நிற்கிறது. அந்தக் கசடு பெரும்பாலும் உப்பு. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அப்படியே விட்டால், மறுநாளே குழலுக்குள் துரு பூத்திருக்கும். உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். எண்ணெய் செய்வதெல்லாம் கசடைத் தாராக்கி, அதன் அடியில் துருவை வளரவிடுவதுதான்.

ஆகவே சுட்ட அன்று மாலையே கழுவ வேண்டும். முதலில் உள்ளே மருந்து இல்லை என்பதைக் கோல் விட்டு உறுதிசெய்யுங்கள். பொறி தரும் சிறு மூடியான கேப்பை மாட்டும் நிப்பிளைக் கழற்றித் தனியாக ஊறப்போடுங்கள். வெந்நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, கெஜக்கோல் நுனியில் துணி சுற்றி மேலும் கீழும் இழுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வரும். அது கந்தகத்தின் வேலை, பயப்படத் தேவையில்லை. துணி வெள்ளையாக வரும்வரை விடக்கூடாது. கடைசியாக நல்ல சூடான வெறும் வெந்நீரை ஊற்றினால் குழல் சூடேறித் தானே உலர்ந்துவிடும். மிச்ச ஈரத்தைத் துணியால் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெயை லேசாகப் பூசினால் போதும். கழுவச் சோம்பல்படுகிறவருக்கு இந்தத் துப்பாக்கி ஆகாது என்பது என் கட்சி.

எண்ணெயைக் கொட்டி வைப்பதும் தவறே. அது குழலின் அடியில் தேங்கி, அடுத்த முறை போடும் மருந்தை நனைத்துவிடும். கெட்டிக்கும் முன் குழலை உலர்த்துணியால் துடைத்து, மருந்தில்லாமல் ஒரு கேப்பை மட்டும் வெடித்தால் நிப்பிள் துவாரம் சுத்தமாகும். குண்டைச் சுற்றும் துணியிலும் குண்டிலும் தடவ, தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் உருக்கிய கலவை நல்லது; கசடோடு தாராகாது.

இனி, துப்பாக்கி போய் கையும் போகிற தவறுகள். சிவகாசி பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, பட்டாசைப் பிரித்து அந்த மருந்தைப் போடும் துணிச்சல் இங்கே சிலருக்கு உண்டு. சத்தவெடிகளில் அலுமினியத் தூள் கலந்த மருந்து இருக்கும். அது கருமருந்தைவிடப் பல மடங்கு வேகமாக எரியும், குழல் தாங்காது. தோட்டாவைப் பிரித்து எடுக்கிற புகையில்லா மருந்தும் அப்படித்தான். உரிமம் பெற்ற கடையில் வாங்கிய கருமருந்து தவிர எதுவும் உள்ளே போகக்கூடாது. வீட்டில் அரைப்பது சட்டப்படியும் குற்றம்.

குண்டு மருந்தின் மேல் ஒட்டி உட்கார வேண்டும். இடையில் வெற்றிடம் இருந்தால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். வெறும் குழலில் கெஜக்கோல் எவ்வளவு இறங்குகிறது, கெட்டித்த பின் எவ்வளவு நிற்கிறது என்று கோலில் இரண்டு கோடு கீறிவையுங்கள். கெட்டித்ததை மறந்து மறுபடி கெட்டிப்பதையும் அதே கோடு காட்டிக்கொடுக்கும். 1863-ல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பொறுக்கிய துப்பாக்கிகளில் இரண்டு, மூன்று முறை கெட்டித்தவை ஆயிரக்கணக்கில் இருந்தன. பயிற்சி பெற்ற சிப்பாய்க்கே அந்தக் கதி.

கேப்பை அடிக்கும் குதிரை விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் குழலின் வாய்க்குள் எட்டிப் பார்க்காதீர்கள். ஆளில்லாத திசையில் நீட்டியபடி ஒரு நிமிடமாவது பொறுங்கள். பொறி தாமதமாகப் பிடிப்பதுண்டு. ராத்திரி காவலுக்கு வசதி என்று கெட்டித்தபடி சுவரில் மாட்டுவதும் கூடாது.

உரிமம் இருப்பதால் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்ட உரிமம் துப்பாக்கி வைத்திருக்கத்தான். காட்டு விலங்குக்கு 1972-ன் வனஉயிர்ச் சட்டம் தனி. அங்கே வனத்துறையின் அனுமதி வேண்டும். உரிமத்தின் காலம் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்தாண்டு. நீண்ட காலம் என்பதால் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16-ல் அறிவிப்பு, ஜூன் 4-ல்தான் வாக்கு எண்ணிக்கை. அவ்வளவு நாள் அங்கே யாரும் துடைக்கப்போவதில்லை. கழுவி, எண்ணெய் பூசி, கெட்டிக்காத நிலையில் கொடுத்து ரசீது வாங்குங்கள். திரும்ப வந்ததும் கோடு போட்ட கோலை முதலில் உள்ளே விட்டுப் பாருங்கள்.